கையெழுத்துப் போட்டது யாரு? - இந்தியன் 2-வும் என் அப்பாவின் ஒரு கேள்வியும்

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த பதிவு இது. செமஸ்டர், ரெக்கார்டு நோட்டு, அப்புறம் என் பிறவிக் குணமான சோம்பேறித்தனம். போன வாரம் ஹாஸ்டல் மெஸ்ஸில் ஒரு சண்டை நடந்தது. அது மட்டும் நடக்காமல் இருந்திருந்தால் இன்னும் ஆறு மாசம் தள்ளிப் போயிருக்கும்.

சண்டையின் தலைப்பு: இந்தியன் 2 ஊத்திக்கொண்டதற்கு யார் காரணம்?

ஒருத்தன் ஷங்கர் என்றான். இன்னொருத்தன் கமல் என்றான். மூணாவது ஆள் அனிருத் என்றான், ரஹ்மான் இருந்திருந்தால் கதையே வேற என்றான். மூலையில் தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்த ஒரு புண்ணியவான், "2008-லேயே சுஜாதா போயிட்டார்ல, அதான் காரணம்" என்று தத்துவமாகச் சொன்னான். அவன் சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் செத்துப் போனவர் மேல் எப்படிப் பழி போடுவது?

அரை மணி நேரம் கத்தினோம். ஒருத்தன் வாயிலிருந்தும் தயாரிப்பாளர் என்ற வார்த்தை வரவில்லை. நானும் சொல்லவில்லை. ரூமுக்கு வந்து படுத்த பிறகுதான் எங்கப்பா கேட்ட ஒரு கேள்வி ஞாபகம் வந்தது. அதுதான் இந்தப் பதிவு.

முதலில் எங்க வீட்டுக் கதை.

படம் வந்தது 2024 ஜூலை 12. வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறப்பார்கள். அந்த வருஷம் அணையில் தண்ணீர் இல்லை, ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். அதனால் படம் வந்த அன்றைக்கு எங்க ஊர் வெண்ணாற்றில் மணல்தான் ஓடிக்கொண்டிருந்தது. போர் செட் இருக்கிறவர்கள் குறுவை போட்டிருந்தார்கள். ஆற்றுத் தண்ணியை நம்பி இருக்கிற எங்களுக்கு வேலை இல்லை. வானத்தையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, திடீரென்று "டேய், இந்தியன் ரெண்டாம் பாகம் வருதாமே, எல்லாரும் போவோமா" என்றார்.

எங்கப்பா தியேட்டருக்குப் போகிற ஆள் கிடையாது. ஆனால் 1996-ல் கல்யாணத்துக்கு முன்னாடி முதல் படத்தைத் தஞ்சாவூரில் மூணு தடவை பார்த்தவர். சேனாபதி என்றால் அவருக்கு ஏதோ பங்காளி மாதிரி. ஏன் என்று எனக்குப் புரியாமல் இல்லை. அறுத்த நெல்லை ரோட்டோரம் கொட்டி வைத்துக்கொண்டு, மழை வருமோ என்று தார்ப்பாயோடு காத்துக் கிடந்து, கடைசியில் மூட்டைக்கு இவ்வளவு என்று நீட்டுகிற கையில் காசு வைத்துவிட்டு வருகிற மனுஷனுக்கு, லஞ்சம் வாங்குகிறவனை ரெண்டு விரலால் மடக்கிப் போடுகிற கிழவனைப் பிடிக்காமல் வேறு யாரைப் பிடிக்கும்?

அஞ்சு பேர் போனோம். டிக்கெட், பஸ், இடைவேளை பாப்கார்ன் எல்லாம் சேர்த்து ஆயிரத்து இருநூறு ஆனது. இடைவேளைக்கு முன்னாடியே அப்பா தூங்கிவிட்டார். தங்கச்சி மொபைலை எடுத்துவிட்டாள். படம் மூணு மணி நேரம். முடிந்து வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அப்பா யார் மேலேயும் கோபப்படவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"இவ்ளோ காசு போட்டவன், ஒரு தடவையாவது உக்காந்து முழுசா பாத்திருப்பானாடா?"

அன்றைக்குச் சிரித்தேன். இப்போது யோசித்தால், இந்தப் படத்தைப் பற்றி நான் படித்த அத்தனை விமர்சனத்திலும் இல்லாத கேள்வி இது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

முதல் இந்தியன் படத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்று யாரைக் கேட்டாலும் மகனைக் கொல்கிற இடம் என்பார்கள். ஏன் கொல்கிறார்? பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிற பஸ் விபத்தாகிறது. பிள்ளைகள் சாகிறார்கள். பழியை டிரைவர் தலையில் போடப் பார்க்கிறார்கள். ஆனால் சேனாபதி டிரைவரைத் தேடிப் போகவில்லை. பிரேக் சரியில்லாத வண்டிக்குச் சரியாக இருக்கிறது என்று சர்டிபிகேட் கொடுத்தது யார் என்று தேடிப் போகிறார். அங்கே சொந்த மகன் நிற்கிறான்.

அந்தப் படம் 28 வருஷம் நம் மண்டையில் நிற்பதற்குக் காரணம் வர்மக்கலை இல்லை நண்பர்களே. வண்டி கவிழ்ந்தால் ஸ்டியரிங் பிடித்தவனை மட்டும் பார்க்காதே, கையெழுத்துப் போட்டவனைப் பார் என்று சொன்னதுதான் காரணம்.

அதே கணக்கை இந்தியன் 2-க்குப் போட்டால் என்ன? வண்டி கவிழ்ந்துவிட்டது. ஸ்டியரிங் பிடித்தவர் ஷங்கர், அதில் சந்தேகமே இல்லை. சர்டிபிகேட் கொடுத்தது யார்?

படத்தின் முதல் கார்டிலேயே பேர் இருக்கிறது. லைகா புரொடக்‌ஷன்ஸ், ரெட் ஜெயண்ட் மூவீஸ்.

வரிசையாகப் பார்ப்போம். எல்லாம் பேப்பரில் வந்த செய்திதான், நான் எதையும் தோண்டி எடுக்கவில்லை.

2017-ல் இந்தப் படத்தை அறிவித்தபோது தயாரிப்பாளர் தெலுங்கின் தில் ராஜு. அவர் விலகிக்கொண்டார், லைகா உள்ளே வந்தது. 2019 ஜனவரியில் படப்பிடிப்பு தொடங்கியது, பிறகு விட்டு விட்டு நடந்தது. 2020 பிப்ரவரி 19 ராத்திரி, பூந்தமல்லி அருகே ஈ.வி.பி. பிலிம் சிட்டியில் கிரேன் சரிந்து மூணு பேர் செத்தார்கள். அப்புறம் கொரோனா. 2021-ல் லைகா சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஒப்புக்கொண்ட பட்ஜெட் 150 கோடி, ஆனது 236 கோடி, அப்படியும் 80 சதவீதம்தான் முடிந்திருக்கிறது, இதை முடிக்காமல் ஷங்கர் வேறு படம் எடுக்கக் கூடாது. இதுதான் அவர்கள் வாதம். ஷங்கர் தரப்பு, தாமதத்துக்கு நான் காரணம் இல்லை என்றது. தடை கிடைக்கவில்லை, சமரசம் பேச ஓய்வு பெற்ற நீதிபதியை நியமித்தார்கள். அதே 2021-ல் விவேக்கும் நெடுமுடி வேணுவும் காலமானார்கள். 2022 ஜூனில் விக்ரம் படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. ரெண்டே மாசத்தில், ஆகஸ்டில், ரெட் ஜெயண்ட் கூட்டு சேர இந்தியன் 2 மறுபடி உயிர் பெற்றது. அப்புறம் அது ஒரு படமாக இல்லாமல் ரெண்டு படமாக வளர்ந்தது. ரெண்டாம் பாகம் 2024 ஜூலையில் வந்தது, மூணாம் பாகத்தின் டிரெய்லர் அதன் வாலில் கட்டப்பட்டிருந்தது.

இதில் எத்தனை இடத்தில் ஒருத்தர் பேனாவை மூடி வைத்துவிட்டு "கொஞ்சம் இருங்க" என்று சொல்லியிருக்கலாம் என்று எண்ணிப் பாருங்கள்.

எங்க ஊர் கூட்டுறவு சங்கத்தில் ஐம்பதாயிரம் பயிர்க்கடன் கேட்டால் சிட்டா எங்கே, அடங்கல் எங்கே, என்ன பயிர், எத்தனை ஏக்கர், போன கடன் கட்டியாச்சா என்று ஆயிரம் கேட்பார்கள். 150 கோடி 236 கோடியாக ஆகிற வரைக்கும் கணக்குப் பார்க்கிற மேசையில் உட்கார்ந்திருந்தவர்கள் என்ன கேட்டார்கள்? ராத்திரியோடு ராத்திரியாக 86 கோடி கூடிவிடாது. ஒவ்வொரு ஷெட்யூலுக்கும் ஒருத்தர் கையெழுத்துப் போட்டுத்தான் காசு வெளியே போயிருக்கும். கோர்ட்டில் அந்தக் கணக்கை நீட்டியபோது இயக்குநர் மேல் குற்றச்சாட்டாகத்தான் நீட்டினார்கள். எனக்கு அது ஒப்புதல் வாக்குமூலம் மாதிரித் தெரிகிறது.

இப்போது கரும்பு பற்றிக் கொஞ்சம். (அறிவியல் குரூப் நண்பர்கள் பொறுத்துக்கொள்ளவும்.)

குருங்குளம் ஆலைக்குக் கரும்பு போடுகிற எங்க மாமா ஒருத்தர் இருக்கிறார். முதல் வெட்டு முடிந்ததும் அடிக்கட்டையை அப்படியே விட்டால் அதிலிருந்தே மறுபடி துளிர்க்கும். அதற்குப் பேர் மறுதாம்பு. விதைக் கரணைச் செலவு இல்லை, நடவுக் கூலி இல்லை, லாபம்தானே என்று புதுசாக வருகிறவன் நினைப்பான். மாமா சொல்வார், மறுதாம்புதான்டா ஜாஸ்தி வேலை வாங்கும் என்று. கட்டையைத் தரையோடு சீவி விடணும். செத்துப் போன இடத்தில் புதுக் கரணை வைத்து நிரப்பணும். முதல் பயிருக்குப் போட்டதைவிடக் கூடுதலாகத் தழைச்சத்து போடணும். இது எதுவும் செய்யாமல் போன வருஷம் நன்றாக விளைந்த கொல்லை என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றால், வருவது சோகைதான், கரும்பு வராது.

ஓடிய படத்தின் ரெண்டாம் பாகம் மறுதாம்புப் பயிர். தப்பே இல்லை. ஆனால் அதற்கு முதல் படத்தைவிட அதிக உழைப்பு வேண்டும்.

லைகா கையில் வந்த மறுதாம்புகளைப் பாருங்கள். எந்திரன் (2010) சன் பிக்சர்ஸ் நட்டது, 2.0 (2018) லைகா. சந்திரமுகி (2005) சிவாஜி புரொடக்‌ஷன்ஸ் நட்டது, சந்திரமுகி 2 (2023) லைகா. இந்தியன் (1996) ஏ.எம். ரத்னம் நட்டது, இந்தியன் 2 (2024) லைகா. மூணும் அடுத்தவர் கொல்லையில் விளைந்த பேர். 2.0 காசு பார்த்தது என்று சொல்லலாம், அதற்குக் கொட்டிய காசும் கொஞ்சமில்லை. மற்ற ரெண்டும் என்ன ஆனது என்று எல்லாருக்கும் தெரியும்.

லைகா நல்ல படமே எடுக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. கோலமாவு கோகிலா எடுத்தார்கள். மெட்ராஸ் டாக்கீஸோடு சேர்ந்து பொன்னியின் செல்வன் எடுத்தார்கள், எங்க ஊர் பெரிய கோயிலுக்குப் போகிற வழியெல்லாம் அந்த வருஷம் புதுக் கூட்டம். அதையும் ரெண்டு பாகமாகத்தான் வெளியிட்டார்கள், யாரும் முகம் சுளிக்கவில்லை. ஏன்? அஞ்சு பாக நாவல் அது. ஆரம்பத்திலேயே ரெண்டு என்று திட்டம் போட்டு எடுத்தார்கள். இந்தியன் 2-ல் நடந்தது வேறு. ஒரு படமாகத் தொடங்கியது, எடுத்து எடுத்து நீளம் ஆனது, வெட்ட மனசு வரவில்லை, சரி ரெண்டாக்கிவிடு. ஒரு கலயம் கஞ்சியில் இன்னொரு கலயம் தண்ணி ஊற்றி ரெண்டு பேருக்குப் பரிமாறுகிற கதை. விளம்பர நேரத்தில் கமலே மூணாம் பாகம்தான் தனக்கு ரொம்பப் பிடித்தது என்கிற மாதிரிப் பேசினார். கடைக்காரரே "இன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் போடுகிற பரோட்டாதான் நல்லா இருக்கும்" என்று சொன்னால் இன்றைக்குச் சாப்பிடுகிறவன் கதி என்ன?

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். என்னால் விட முடியாதது 12 நிமிஷக் கதை.

படம் வெளியாகி நாலைந்து நாளில், நீளமாக இருக்கிறது என்று எல்லாரும் கத்திய பிறகு, சுமார் 12 நிமிஷத்தை வெட்டினார்கள். "மக்கள் கருத்துக்கு மதிப்புக் கொடுத்து" என்ற தோரணையில் விளம்பரம் வேறு.

யோசித்துப் பாருங்கள். அந்த 12 நிமிஷம் கதைக்குத் தேவை என்றால் வெட்டியிருக்கக் கூடாது. தேவை இல்லை என்றால் முதல் நாளே இருந்திருக்கக் கூடாது. அஞ்சு வருஷம் படப்பிடிப்பு, ரெண்டு பெரிய நிறுவனம், கோர்ட், சமரசம் எல்லாம் தாண்டி வந்த படத்தை ரிலீசுக்கு முன்னாடி ஒரு முப்பது பேரை, சம்பந்தமில்லாத சாதாரண ஆட்களை, உட்கார வைத்துக் காட்டியிருந்தால் இது தெரிந்திருக்கும். எங்கப்பா ஓசியிலேயே வந்து தூங்கிக் காட்டியிருப்பார் :-)

அதைச் செய்யச் சொல்ல வேண்டியது இயக்குநர் இல்லை. தான் எடுத்ததை வெட்ட எந்த இயக்குநருக்கும் மனசு வராது, பெத்தவனுக்குப் பிள்ளை கறுப்பாத் தெரியாது. காசு போட்டவர் சொல்ல வேண்டிய வேலை அது. அந்த வேலையை, முதல் நாள் முதல் காட்சிக்கு டிக்கெட் வாங்கியவன் செய்து கொடுத்தான். சம்பளம் கிடையாது, அவனே காசும் கொடுத்தான்.

இந்த இடத்தில் எதிர்க்கட்சி எழுந்து நிற்கும் என்று தெரியும். மெஸ் சண்டையில் நான் இதைச் சொல்லியிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்றும் தெரியும்.

"டேய், தயாரிப்பாளர்தான்டா பாவம். காசு போச்சு, பேரும் போச்சு. ஷங்கர் மாதிரி ஆளுகிட்ட யாரு கேள்வி கேக்க முடியும்? அப்படிக் கேட்டா, தயாரிப்பாளர் தலையிட்டதாலதான் படம் கெட்டுதுன்னு நீயே எழுதுவே."

நல்ல கேள்வி. ரெண்டு பதில் வைத்திருக்கிறேன்.

ஒன்று, காசு போனதால் பொறுப்பு போய்விடாது. ஊரில் ஒருத்தர் கலப்பட விதை வாங்கி அம்பது குழி நாசமானால் அவருக்காகப் பாவப்படுவோம். ஆனால் அதே நெல்லை அரைத்து ஊருக்கே விலைக்கு விற்றால், அவர் நஷ்டப்பட்டவர் மட்டும் இல்லை, விற்றவரும்தான்.

ரெண்டாவது, தலையிடுவது வேறு, பொறுப்பெடுப்பது வேறு. தலையிடுவது என்றால் குத்துப்பாட்டு வை, அந்த நடிகரைப் போடு என்று நச்சரிப்பது. பொறுப்பெடுப்பது என்றால் கதை முடிந்ததா, எத்தனை நாள், எத்தனை ரூபாய், யார் பாதுகாப்பைப் பார்க்கிறார், எப்போது நிறுத்துவது என்று கேட்பது. முதலாவது செய்கிறவர்கள் நிறைய. ரெண்டாவது செய்தவர்கள் நம்ம சினிமாவில் இல்லாமல் போகவில்லை.

எங்க பழைய தஞ்சாவூர் ஜில்லாக்காரரையே சொல்கிறேன். திருத்துறைப்பூண்டியில் பிறந்த எஸ்.எஸ். வாசன். சந்திரலேகா (1948) எடுக்கும்போது பாதியில் இயக்குநரோடு ஒத்துவரவில்லை. வாசன் என்ன செய்தார்? தானே இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்தார். வருஷக்கணக்கில் இழுத்த படம், அந்தக் காலத்து லட்சங்களை விழுங்கிய படம், தோற்றிருந்தால் ஜெமினி ஸ்டுடியோவே ஆடிப் போயிருக்கும். பழியோ பேரோ, தலையில் விழட்டும் என்று இறங்கினார். நாயகியும் எங்க தஞ்சாவூர் டி.ஆர். ராஜகுமாரிதான், அது ஒரு தனிப் பெருமை.

இன்னொருத்தர் பி.ஏ. பெருமாள். பராசக்தி (1952) எடுக்கும்போது சிவாஜி என்ற புதுப் பையன் வேண்டாம், மாற்று என்று பெரிய இடத்திலிருந்தே அழுத்தம். இந்தப் பையன்தான் என்று நின்றார். சிவாஜி கடைசி வரைக்கும் அந்த நன்றியை மறக்கவில்லை. இதுவும் தயாரிப்பாளர் முடிவுதான். நல்ல முடிவுக்குப் பேர் வாங்குவது சரி என்றால், கெட்ட முடிவுக்குப் பழி வாங்குவதும் சரிதானே? ஆடியோ விழா மேடையில் நடுநாற்காலி, போஸ்டரில் முதல் பேர், படம் ஓடினால் ஹீரோவுக்குக் கார் கொடுக்கிற போட்டோ. இதெல்லாம் வேண்டும், ஊத்திக்கொண்டால் மட்டும் இயக்குநர் பக்கம் கை காட்டுவதா?

ஹாலிவுட்டிலும் இந்த வியாதி உண்டு. 2017-ல் யுனிவர்சல் நிறுவனம் தன் பழைய பேய்ப் படங்களை எல்லாம் தூசி தட்டி 'டார்க் யுனிவர்ஸ்' என்று பேர் வைத்து, டாம் குரூஸ், ரஸ்ஸல் குரோ, ஜானி டெப் என்று நட்சத்திரங்களைச் சேர்த்து போட்டோ வெளியிட்டது. முதல் படமான 'தி மம்மி' இன்னும் திரைக்கே வரவில்லை, அதற்குள் மொத்தக் குடும்பத்தின் போட்டோ. ஜூனில் படம் வந்தது, விழுந்தது. அந்த யுனிவர்ஸ் அதோடு சரி. முதல் வீட்டுக்கு அஸ்திவாரம் போடும் முன்னாடியே தெருவுக்குப் பேர்ப் பலகை மாட்டுகிற வேலை. இந்தியன் 2 முடிவில் மூணாம் பாக டிரெய்லர் ஓடியபோது எனக்கு அந்த போட்டோதான் ஞாபகம் வந்தது. டிரெய்லர் ஓடி ஒரு வருஷம் முடிந்தும் அந்த மூணாம் பாகம் திரைக்கு வரவில்லை.

அங்கே ஒரு வித்தியாசம். மம்மி விழுந்த சில மாசத்தில், அந்த யுனிவர்ஸை வழிநடத்திய ரெண்டு பேரும் விலகினார்கள் என்று பேரோடு செய்தி வந்தது. எந்த முடிவு யாருடையது என்று பேப்பரில் எழுதினார்கள். இங்கே ஷங்கருக்கும் கமலுக்கும் மீம் போட்டு முடித்துவிட்டு அடுத்த படத்துக்கு டிக்கெட் புக் பண்ணப் போய்விட்டோம். நானும்தான்.

கடைசியாக ஒன்று. இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதாமல் விட்டால் மேலே எழுதினதெல்லாம் வெறும் சினிமாப் பேச்சாகிவிடும்.

அந்தக் கிரேன்.

மூணு பேர் செத்தார்கள். பிரபலங்கள் இல்லை, அன்றைக்கு வேலைக்கு வந்த தொழிலாளிகள், உதவியாளர்கள். கமலும் ஷங்கரும் மயிரிழையில் தப்பினார்கள். அதற்கப்புறம் படப்பிடிப்பில் பாதுகாப்பு, இன்சூரன்ஸ் பற்றிக் கேட்டு கமல் லைகாவுக்குக் கடிதம் எழுதினார். லைகா பதில் எழுதியது. படப்பிடிப்பு உங்கள் கட்டுப்பாட்டிலும் இயக்குநர் கட்டுப்பாட்டிலும்தானே இருந்தது, பொறுப்பு எல்லாருக்கும் உண்டு என்பது அதன் சாரம்.

சட்டப்படி யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வக்கீல் இல்லை, வணிகவியல் படிக்கிற பையன். ஆனால் அந்தக் கடிதத்தின் சாயல் எனக்கு நன்றாகத் தெரிந்த சாயல். எங்க பக்கம் ஒரு மதகு உடைந்து வயல் முழுகினால், இந்த ஆபீஸ் அந்த ஆபீஸைக் காட்டும், அந்த ஆபீஸ் கான்ட்ராக்டரைக் காட்டும், கான்ட்ராக்டர் மழையைக் காட்டுவார். கையெழுத்து மட்டும் யாருடையது என்று தெரியாது. பொறுப்பு எல்லாருக்கும் உண்டு என்றால், நடைமுறையில் யாருக்கும் இல்லை என்று அர்த்தம்.

இந்த இடத்தைத்தானே முதல் இந்தியன் பிடித்து உலுக்கியது? அதே பேரை வாங்கி, அதே கிழவனுக்கு மேக்கப் போட்டு, அவரை நூறு வயசு தாண்டியும் உயிரோடு கொண்டுவந்து, "முதலில் உன் வீட்டைச் சுத்தம் செய்" என்று இளைஞர்களுக்கு மூணு மணி நேரம் பாடம் எடுத்த படம் அது. பாடம் நல்ல பாடம்தான். அதைத் தயாரித்த அலுவலகத்துக்கும் ஒரு காப்பி அனுப்பியிருக்கலாம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. பழைய பேரை வாங்கினால், அந்தப் பேர் எதனால் நின்றது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். கதை முடியாமல் கிளாப் அடிக்காதீர்கள். ஒரு படமாக ஆரம்பித்ததை நஷ்டக் கணக்குக்காக ரெண்டாக்காதீர்கள். திரைக்கு வரும் முன் ரசிகர் அல்லாத நாலு பேருக்குக் காட்டுங்கள். செட்டில் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்று ஒரு ஆள் பேர் எழுதி வையுங்கள். படம் விழுந்தால் "இந்த முடிவு எங்களுடையது, தப்பு" என்று ஒரு வரி சொல்லுங்கள். மன்னிக்கிற விஷயத்தில் தமிழ் ரசிகனைப் போல இளிச்சவாயன் உலகத்தில் கிடையாது. ஒரு வரி போதும்.

நமக்கும் ஒன்று. அடுத்த தடவை மெஸ்ஸில் சண்டை வந்தால் ஷங்கரா கமலா என்பதோடு நிறுத்தாமல், முதல் கார்டில் வருகிற பேரையும் சேர்த்துத் திட்டுவோம். ஓடினால் பாராட்டவும் செய்வோம். அதுதான் நியாயம்.

அப்பா விஷயம். படம் பார்த்து பதினாறு நாள் கழித்து மேட்டூர் திறந்தது. தண்ணி வந்த அன்றைக்கு ஆற்றங்கரையில் நின்றுகொண்டிருந்தார். நான் சும்மா இல்லாமல், "என்னப்பா, மூணாம் பாகம் வந்தா போவோமா" என்று கேட்டேன்.

"டிவில போடுவான்ல, அப்ப பாத்துக்கலாம்" என்றார். அவருக்குத் தெரியாது, ஆகஸ்ட் 9-ஆம் தேதியே ரெண்டாம் பாகம் நெட்பிளிக்ஸில் வந்துவிட்டது. சொன்னேன். பார்க்கவில்லை. பழைய இந்தியனை டிவியில் போட்டபோது மட்டும், பஸ் விபத்து வருகிற இடத்தில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார்.

டிஸ்கி 1: நான் ஷங்கருக்கு வக்கீல் இல்லை. அவருக்குத் தனிப் பதிவு பாக்கி இருக்கிறது.

டிஸ்கி 2: கமல் ரசிகர்கள் அடிக்க வர வேண்டாம், நானும் அந்தக் கட்சிதான். மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள், சண்டை போடலாம். தோசை மட்டும் அவரவர் காசில்.